கொல்லையில் இரண்டு வாத்துக் குஞ்சுகள்

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று வாரச் சந்தையில் கூடைக்காரரிடம் இரண்டு வாத்துக் குஞ்சுகள் வாங்கியிருக்கிறார். இப்போது அவற்றுக்குப் பன்னிரண்டு நாள் வயது. அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து, கோழிக்குஞ்சுத் தீவனமும் நடுநடுவே பொரியும் ரொட்டியும் போட்டு வளர்க்கிறார்கள். “இரண்டு நாளாக ஒரு குஞ்சு நாலு அடி நடப்பதற்குள் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. என் மாமியார், வாத்து நாறும், வீட்டுக்கு ஆகாது என்கிறார். என் கணவர், கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் இருக்கிறதே, அதில் விட்டால் தானாக வளர்ந்துவிடும் என்கிறார். குளம் வெட்டினால்தான் வாத்து வளர்க்க முடியுமா? முட்டையிடுமா?” என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் அடியில் மகள் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: “அதுங்களுக்கு என்னை அடையாளம் தெரியுமா டாக்டர்?”

பதில்: வணக்கம் அம்மா. மற்ற கேள்விகள் நாலு நாள் காத்திருக்கும். அந்தக் கால் காத்திருக்காது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, தரை. செய்தித்தாள் வழுக்கும். அதிலும் வாத்து தண்ணீரைச் சிந்திச் சிந்தி அதை வழவழப்பாக்கிவிடும். எழும்பி நிற்கப் பார்க்கும்போதெல்லாம் கால் வெளிப்பக்கம் சறுக்கினால், இளம் எலும்பும் தசைநாரும் எத்தனை நாள் தாங்கும்? இன்றைக்கே அந்தத் தாளை எடுத்துவிட்டு, துவைத்துக் காய்ந்த பழைய சாக்கை மடித்துப் போடுங்கள். விரல் பிடிமானம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, தீவனம். கோழிக்குஞ்சுத் தீவனம் கோழிக்குஞ்சுக்கு அளந்து செய்தது. நியாசின் என்று பி வைட்டமின் வகையில் ஒன்று உண்டு. கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் அது ஏறக்குறைய 35 மில்லிகிராம் இருந்தால் போதும். வாத்துக் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் வேண்டும். வயிறு நிறையத் தின்றும் குறை விழுவது இப்படித்தான். முட்டி வீங்கும், கால் வில்லாக வளையும், நடக்கப் பிடிக்காமல் உட்கார்ந்தே நகரும். பொரியும் ரொட்டியும் இந்தக் குறையை இன்னும் கூட்டுகின்றன, ஏனென்றால் சத்தில்லாமல் வயிற்றை அடைத்துவிடுகின்றன. இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள்.

நாளைக் காலையில் குஞ்சை உங்கள் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். நியாசின் சேர்ந்த பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து வேண்டும் என்று கேளுங்கள். எடை பார்த்து அங்குள்ள டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள். அதே அளவை இன்னொரு குஞ்சுக்கும் கேட்டு வாங்கிவிடுங்கள், அதுவும் அதே தீவனத்தைத்தானே தின்கிறது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சில நாட்களில் எழுந்து நடந்துவிடும். எலும்பு வளைந்து இறுகிவிட்டால் எந்த மருந்தும் அதை நிமிர்த்தாது. அதனால்தான் நாளை என்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

போவதற்கு முன் இரண்டு காலையும் விரலால் தடவிப் பாருங்கள். முள் குத்தியிருக்கிறதா, சாக்கு நூலோ தலைமுடியோ சுற்றி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை ஆசையில் காலைப் பிடித்துத் தூக்குகிறாளா என்பதையும் கவனியுங்கள். வாத்தின் கால் அதன் உடம்புக்குச் சின்னது, எளிதில் பிசகிவிடும். இரண்டு உள்ளங்கையாலும் வயிற்றோடு சேர்த்து ஏந்தத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, இப்போது வளர்ப்புக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் வாத்து புதிதல்ல. சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வயல் காலியானதும் நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வாத்துக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். சாலையை அடைத்துக்கொண்டு அவை போவதைப் பார்த்துத்தானே நாம் வளர்ந்தோம். அதைப் பார்த்துப் பார்த்து, வாத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஆனால் அந்த வயலில் என்ன நடக்கிறது பாருங்கள். விடிந்ததிலிருந்து சிந்திய நெல்லும் நத்தையும் புழுவும் பூச்சியும் சேற்றைச் சலித்துச் சலித்துத் தின்கிறது. வெயிலுக்கு நடக்கிறது, பனிக்குக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் அட்டைப் பெட்டியில் அந்த வயலும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்த இரண்டையும் நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

குளம் வெட்ட வேண்டியதில்லை. வாத்து குளமில்லாமல் நன்றாக வளரும். தலை முங்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லாமல்தான் வளராது. இந்த வித்தியாசம் மனதில் நின்றால் பாதி வளர்ப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து அது தின்பதைப் பாருங்கள். ஒரு வாய் தீவனம் எடுக்கும். உடனே தண்ணீருக்கு ஓடும். அலகை முக்கி, பக்கவாட்டில் சலசலவென்று சலித்து, தலையை நிமிர்த்தி விழுங்கும். மூக்குத் துளைக்குள் தண்ணீரை ஏற்றித் தும்மி வெளியே தள்ளும். மறுபடி தீவனத்துக்கு ஓடும். தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் உலர்ந்த தீவனத்தைத் தின்னவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்கையும் கண்ணையும் கழுவ முடியாத தட்டில் தண்ணீர் வைத்தால் மூக்கு அடைக்கும், கண்ணோரம் நுரை கட்டும், பிறகு கண் ஒட்டிக்கொள்ளும். மருந்தகத்துக்கு இப்படி வரும் குஞ்சுகளில் பலவற்றுக்கு, பாத்திரத்தை மாற்றியதே மருந்தாக இருந்திருக்கிறது.

அதே தண்ணீர் இந்த வயதில் ஆபத்தும்கூட. தாய் வாத்தோடு போகும் குஞ்சு மூன்றாம் நாளே நீந்துகிறதே என்று கேட்பீர்கள். வாலுக்கு மேலே ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வாத்து அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகு முழுவதும் பூசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். குஞ்சுக்கு அது சரியாக வேலை செய்ய நாளாகும். அதுவரை தாயின் அடிவயிற்று இறகில் ஒட்டி உரசி எண்ணெய் வாங்கிக்கொள்கிறது, நனைந்தால் தாயின் அடியிலேயே காய்ந்தும் விடுகிறது. சந்தைக் கூடையில் வந்த குஞ்சுக்கு அந்த வசதி கிடையாது. மஞ்சள் பஞ்சு நனைந்தால் ஊறி, குளிர் எடுத்து, நடுங்கிச் செத்துவிடும்.

என் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. என் மகள் சிறுமியாக இருந்தபோது நாலு குஞ்சுகள் வளர்த்தோம். கிணற்றடியில் பிளாஸ்டிக் தொட்டியில் பாதித் தண்ணீர் வைத்து, அவை நீந்துவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். தொட்டியின் பக்கச் சுவர் வழவழவென்று இருந்தது. ஏறி வெளியே வர ஒரு கல்கூட நான் போடவில்லை. மத்தியானம் வந்து பார்த்தபோது ஒன்று மிதந்தது, இரண்டு விறைத்துக் கிடந்தன. அவற்றைத் துணியில் சுற்றி அடுப்பருகே வைத்து, ஒன்றைத்தான் பிழைக்க வைக்க முடிந்தது. அன்று என் மகள் அழுத அழுகை இன்னும் எனக்குக் கேட்கிறது. அதனால் உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனவே இப்போதைக்கு அகல வாய்ச் சட்டி ஒன்றில் தண்ணீர் வையுங்கள். அலகும் கண்ணும் முங்க வேண்டும், உடம்பு உள்ளே இறங்கக்கூடாது. நடுவில் கூழாங்கற்களைப் போட்டுவிட்டால் போதும். அந்தச் சட்டியைப் பழைய சல்லடை மேல் வைத்து, அடியில் ஒரு தாம்பாளம் வைத்தால் சிந்துவது கீழே போய்விடும், படுக்கை நனையாது. கால் சரியில்லாத குஞ்சை மட்டும் தினம் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில், உங்கள் கையால் வயிற்றைத் தாங்கியபடி விடுங்கள். உடம்புப் பாரம் இல்லாமல் கால் அசையும், நல்லது. எடுத்ததும் துணியால் ஒற்றி, பல்பு வெளிச்சத்தில் நன்றாகக் காய வைத்துவிடுங்கள். தானாக நீந்துவதற்கு இறகு முளைத்து மூடட்டும், அதற்கு ஏழெட்டு வாரம் ஆகும்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். உங்கள் குஞ்சுகளுக்கு இப்போது 29 இருந்தால் சரி. பகலில் நம் ஊர் வெயிலே அதைப் பார்த்துக்கொள்ளும். மாசிப் பனி இறங்கும் விடியற்காலையில்தான் ஒரு குண்டு பல்பு தேவைப்படும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது. மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

தீவனம். வாத்துக் குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனத்தோடு டாக்டர் சொல்லும் பி காம்ப்ளெக்ஸைச் சேர்த்து மூன்று வாரம் கொடுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு வேளைக்குத் தின்னும் அளவு மட்டும் வையுங்கள். மிச்சம் இருந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள், இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். மூன்று வாரத்துக்கு மேல் வேகவைத்த நொய், புதுத் தவிடு, பொடியாக அரிந்த கீரை, மண்புழு, நசுக்கிய நத்தை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடி என்று ஒவ்வொன்றாகப் பழக்கலாம். அசோலாவைக் கொல்லையில் ஒரு சின்னத் தொட்டியில் நீங்களே வளர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாட்டுக்கு வாங்கி வைத்த கடலைப் புண்ணாக்கை இதற்குப் போடாதீர்கள். அந்தப் புண்ணாக்கில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது வாத்துக் குஞ்சுகளும் செத்தன. இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கப் பிற்பாடு ஆய்வுக்கூடங்களில் ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சையே பயன்படுத்தினார்கள், ஏனென்றால் அவ்வளவு சிறிய அளவுக்கே அதன் ஈரல் கெட்டுவிடும். மாடு தின்று ஒன்றும் ஆகவில்லை என்பது வாத்துக்குப் பொருந்தாது. ஐப்பசி மழையில் நனைந்து கறுத்த வைக்கோலும் அப்படித்தான். அதைப் படுக்கையாகப் போட்டால் பூஞ்சை நுரையீரலுக்குள் போய்விடும். காய்ந்த உமியே போதும்.

மாமியார் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். வாத்து நாறும் என்பது உண்மைதான். ஆனால் நாறுவது ஈரத்தில் ஊறிய எச்சம்தான். படுக்கை காய்ந்திருந்தால் நாற்றம் மட்டுப்படும். பெரிதானதும் வீட்டைவிட்டுத் தள்ளி, கொல்லையில் மேடான இடத்தில் கூண்டு வையுங்கள். குளிக்கும் தொட்டியை ஒரே இடத்தில் வைக்காமல் வாழைக்கு வாழை மாற்றி வையுங்கள். அந்தத் தண்ணீரைத் தினமும் வாழை அடியிலேயே கவிழ்த்துவிட்டால் நாற்றமும் இல்லை, வாழைக்கு எருவும் ஆச்சு. ஒரு மாதம் கழித்து வாழையைப் பார்த்தால் உங்கள் மாமியார் மனது மாறும் என்றே நினைக்கிறேன். கீரைப் பாத்தியை மட்டும் வேலி கட்டிக் காப்பாற்றிவிடுங்கள். வாத்து உள்ளே நுழைந்தால் ஒரு காலைப்பொழுதில் காலி செய்துவிடும்.

கூண்டுக்கு இரவில் தாழ்ப்பாள் அவசியம். கீரிப்பிள்ளையும் தெருநாயும் மரநாயும் இருட்டியதும் வருகின்றன. குஞ்சுப் பருவத்தில் பகலில் காகமே போதும். ஒரு விரல் நுழையும் ஓட்டை இருந்தால் சிறு கண்ணி வலை வைத்து அடைத்துவிடுங்கள், பாம்புக்கு அந்த வழி போதும்.

இனி உங்கள் கணவர் சொல்லும் வாய்க்கால். இப்போது விடவே கூடாது. வளர்ந்த பிறகும் யோசித்துத்தான் விட வேண்டும். வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு குடமுருட்டி ஆற்றுப் பக்கத்து வாய்க்கால்களில் மிஞ்சுவது தேங்கிய தண்ணீர்தான். வெயில் ஏற ஏற அது வற்றி, மீன் செத்து அழுகும். அழுகலில் உண்டாகும் ஒருவகை நஞ்சு, வாத்தின் கழுத்தைத் துவளச் செய்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். கழுத்து நிற்காமல் தரையில் சாய்கிறது என்றால் அதுதான் முதல் சந்தேகம். ஜூன் 12-க்குத் தண்ணீர் திறந்து குறுவை நட்ட பிறகு வேறொரு பயம். நம் ஊரில் குருணை என்றால் அரிசிக் குருணையும் உண்டு, வயலுக்குத் தூவும் குருணை மருந்தும் உண்டு. வாத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கார்போஃபியூரான் என்ற அந்த மருந்துக் குருணை சிலவற்றைப் பொறுக்கினாலே பறவை பிழைக்காது. எலிக்கு வைத்த மருந்தும் அப்படியே. அக்கம்பக்கத்து வயல்காரர்களிடம் எப்போது மருந்து போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுவதும் வாத்து கொல்லையைத் தாண்டக்கூடாது.

வாத்துக்கூட்டம் மேயும் காலத்திலும் அதே வாய்க்காலில் உங்கள் வாத்துகளை விடாதீர்கள். வாத்து பிளேக் என்ற வைரஸ் நோய் தண்ணீர் வழியாகவே பரவுகிறது. நேற்று நன்றாக இருந்தது இன்று வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசி, தண்ணீராய்க் கழிந்து, செத்துக் கிடக்கும். தடுப்பூசி இருக்கிறது, இரண்டு மாத வயதுக்குப் போடலாம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வாத்துக் காலராவுக்கும் தடுப்பூசி உண்டு. இரண்டு வாத்துக்காக ஒரு மருந்துக் குப்பியை உடைக்கத் தயங்குவார்கள். ஊரில் வாத்து வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போய்க் கேட்டால் வேலை சுலபமாக முடியும். கால்நடை மருந்தகத்தில் தீராத சிக்கல் என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டலாம். காகமோ வாத்தோ திடீரென்று கூட்டமாகச் செத்தால் மட்டும் கையால் தொடாமல் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் வைரஸ் வாத்தின் உடம்பில் அறிகுறி காட்டாமலேயே இருந்துகொள்ளும்.

முட்டையிடுமா என்று கேட்டிருந்தீர்கள். பெட்டையாக இருந்தால் ஐந்தாறு மாதத்தில் இடும், பெரும்பாலும் விடியற்காலையில். அதனால் காலை எட்டு மணி வரை கூண்டிலேயே வைத்திருந்தால் முட்டை வாழைக்கு அடியில் தொலையாது. கிளிஞ்சல் தூளை ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள், வேண்டும் அளவு அதுவே எடுத்துக்கொள்ளும். ஆணா பெட்டையா என்பது இரண்டு மாதத்தில் குரலில் தெரிந்துவிடும். கணீரென்று கத்தினால் பெட்டை. தொண்டை கட்டியதுபோல் கரகரத்தால் ஆண். பிறகு ஆணின் வால் நுனியில் ஓரிரண்டு இறகு மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். ஒன்று ஆண், ஒன்று பெட்டை என்று வந்துவிட்டால் இன்னும் மூன்று நாலு பெட்டை சேர்த்துவிடுங்கள். ஒரே பெட்டையை ஆண் விடாமல் மிதித்து, பிடரி இறகு உதிர்ந்து புண்ணாகிவிடும். எக்காரணம் கொண்டும் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தனி வாத்து நாள் முழுக்கக் கத்தும், தீவனத்திலும் மனம் செல்லாது.

வயலில் சீழ்க்கைச் சிறகி என்ற வாத்தினப் பறவையின் குஞ்சுகளைப் பிடித்து விற்க யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அவை காட்டுப் பறவைகள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதே குற்றம்.

கடைசியாக உன் கேள்வி, பாப்பா. தெரியும். நன்றாகவே தெரியும். முட்டையிலிருந்து வந்த முதல் நாட்களில் யார் பின்னால் நடக்கிறதோ அவர்களைத் தன் கூட்டம் என்று வாத்துக் குஞ்சு மனதில் பதித்துக்கொள்கிறது. அதற்கு உன் முகத்தைவிட உன் குரல் இன்னும் சீக்கிரம் பழகும். தீவனம் வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரி ஒரு சத்தம் கொடு. “பக் பக்” என்றோ, உனக்குப் பிடித்த எதுவோ, ஆனால் தினமும் அதே சத்தம். ஒரு மாதத்தில் கொல்லையில் எங்கே இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவரும். அதை வைத்துத்தான் சாயங்காலம் ஆறு மணிக்கு நீ கூண்டில் அடைக்கப் போகிறாய். தொட்டுத் தூக்கிய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது. வாத்தின் எச்சத்தில் நமக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமி இருக்கும். முகத்தோடு வைத்து முத்தம் கொடுப்பதும் வேண்டாம். முதுகைத் தடவிக் கொடு, அதுவே அதற்குப் போதும்.

அம்மா, நாலைந்து நாள் மருந்து கொடுத்த பிறகு அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். முட்டியின் வீக்கம் குறையாமல் இருந்தாலோ, இன்னொரு குஞ்சும் உட்கார ஆரம்பித்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், இரண்டையும் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கே போய்விடுங்கள்.